ஜான் டங்க்லி: முடிதிருத்தும் கடையில் உருவான ஓவியர்

ஜான் டங்க்லி (1891–1947) ஜமைக்கா நாட்டு ஓவியர். மரத்திலும் கல்லிலும் சிற்பங்கள் செதுக்கியவர். தலைநகர் கிங்ஸ்டனில் முடிதிருத்தும் கடை வைத்துப் பிழைத்தார். ஓவியப் பள்ளி எதிலும் சேர்ந்து பயின்றதில்லை. இன்று அவருடையவை என்று அறியப்படும் ஓவியங்கள் ஏறத்தாழ 50 மட்டுமே. இருந்தும் ஜமைக்காவின் நவீன ஓவிய வரலாற்றை எழுதுகிறவர் யாராக இருந்தாலும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது.

கரீபியன் தீவு என்றதும் நமக்கு நினைவில் வருவது பளீரென்ற வெயில், நீலக் கடல், தென்னை, வண்ண ஆடை. டங்க்லியின் ஓவியங்களில் வெயிலே கிடையாது. கறுப்பு, சாம்பல், மங்கிய பச்சை, ஆங்காங்கே ஒரு வெளிறிய வெண்மை. பகலா இரவா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். கிளைகள் வெட்டப்பட்ட மரங்கள். ஆள் நடமாட்டமில்லாத பாதைகள். ஒரு மூலையில் முயலோ நண்டோ சிலந்தியோ. முதல் முறை பார்க்கிறவர்கள், இது எந்த நாட்டு ஓவியம் என்று கேட்பார்கள். ஜமைக்கா என்றால் நம்புவது கடினம்.

இந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்பதே டங்க்லியைப் பற்றிய முக்கியமான கேள்வி. 'முறைப்படி கற்காதவர், மனத்தில் தோன்றியதை வரைந்தார்' என்று சொல்லி அதைக் கடந்துபோவது எளிது. பலர் அப்படித்தான் கடந்து போனார்கள். அந்த விடை போதாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

பிறப்பும் பயணங்களும்

ஜமைக்காவின் மேற்குக் கோடியில் உள்ள வெஸ்ட்மோர்லண்ட் மாவட்டத்தின் தலைமை ஊர் சவானா-லா-மார். டங்க்லி அங்கே 1891இல் பிறந்தார். அதே ஆண்டில் கிங்ஸ்டனில் ஜமைக்கா சர்வதேசப் பொருட்காட்சி நடந்தது. தீவை வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் அழகாகக் காட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

இவருடைய இளமைக்காலம் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அவர் மறைந்த பின் மனைவி காஸி தந்த குறிப்புகளிலிருந்து கிடைப்பது. தந்தை பனாமாவில் இருந்தார். இளைஞனாக இருந்தபோது தந்தையிடம் சேரலாம் என்று டங்க்லி கப்பலேறினார். போய்ச் சேர்ந்தபோது தந்தை உயிருடன் இல்லை. இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. தந்தை விட்டுச்சென்ற பணமும் கையில் நிற்கவில்லை. அதன் பிறகு பனாமா, கோஸ்டா ரிக்கா, கியூபா என்று பல இடங்களில் வேலை பார்த்தார். கப்பலிலும் வேலை செய்தார். பனாமாவில் ஒரு புகைப்படக் கலைஞரின் பழக்கம் ஏற்பட்டது என்றும், அங்கேதான் படம் வரைவதில் ஈடுபட்டார் என்றும் கூறுவர். ஜமைக்காவுக்குத் திரும்பியது 1920களின் பிற்பகுதியில். அப்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டிருக்கும்.

கேட்பதற்கு ஒரு தனி மனிதனின் துரதிர்ஷ்டக் கதைபோல இருக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறை ஜமைக்கா ஆண்களில் பல்லாயிரம் பேர் நடந்த வழி இது. 1881 முதல் 1889 வரை பிரெஞ்சு நிறுவனம் பனாமாக் கால்வாயை வெட்ட முயன்று தோற்றபோதே ஜமைக்காத் தொழிலாளர்கள் அங்கே குவிந்தனர். 1904இல் அமெரிக்கர்கள் வேலையை எடுத்துக்கொண்டு 1914இல் கால்வாயைத் திறந்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் பதிவான இறப்புகள் மட்டும் 5,600க்கு மேல். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர். ஊதியப் பட்டியலே இரண்டு. வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கப் பட்டியல், மற்றவர்களுக்கு வெள்ளிப் பட்டியல். உணவுக்கூடம், அஞ்சலகம், கழிப்பறை வரை எல்லாம் அந்த இரண்டு பெயராலேயே பிரிக்கப்பட்டிருந்தன. கால்வாய் வேலை முடிந்ததும் ஆட்கள் வாழைத் தோட்டங்களுக்கும் கரும்பு வயல்களுக்கும் நகர்ந்தார்கள். கோஸ்டா ரிக்காவின் கரீபியன் கடற்கரை முழுவதும் அமெரிக்காவின் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் வாழைத் தோட்டங்கள். பின்னாளில் புகழ்பெற்ற மார்க்கஸ் கார்வியும் இளமையில் அந்தக் கம்பெனியின் தோட்டத்தில் நேரக் கணக்கராக வேலை பார்த்தவர்தான்.

டங்க்லி கல்லூரியில் படிக்கவில்லை என்பது உண்மை. உலகம் தெரியாதவர் என்று சொல்ல வழியில்லை.

பிரின்சஸ் தெருக் கடை

கிங்ஸ்டனில் கீழ் பிரின்சஸ் தெருவில், துறைமுகத்துக்கு அருகில், டங்க்லி முடிதிருத்தும் கடை திறந்தார். கடையின் சுவர், நாற்காலி என்று கை எட்டிய இடமெல்லாம் கொடிகளும் பூக்களும் மரங்களும் வரைந்தார். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பலகையிலும் அட்டையிலும் வரைந்தார். ஒட்டுப்பலகையும் கலப்பு வண்ணங்களும் அவர் அதிகம் கையாண்டவை.

முடிதிருத்தும் கடை ஓர் ஊரின் செய்தி நிலையம். நம் ஊர்களிலும் அப்படித்தானே. துறைமுகத் தெருவில் இருந்த அந்தக் கடைக்குக் கப்பலாட்களும் சுமைத் தொழிலாளர்களும் வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்களும் வந்திருப்பார்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் கியூபாவும் பனாமாவும் கோஸ்டா ரிக்காவும் ஜமைக்கர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. டங்க்லியின் நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் அவர் நடந்த பாதையில் நடந்தவர்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

மறுக்கப்பட்ட வகுப்பு

ஜமைக்கா இன்ஸ்டிடியூட் 1879இல் நிறுவப்பட்ட அரசு சார்ந்த பண்பாட்டு நிறுவனம். அதன் செயலாளராக இருந்த டெல்வ்ஸ் மோல்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயர் கடையின் சுவர்களைப் பார்த்து உள்ளே நுழைந்தார். டங்க்லியின் ஓவியங்கள் பொதுப் பார்வைக்கு வந்ததற்கு அவரே காரணம். 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு ஜமைக்காவிலிருந்து சென்ற படைப்புகளில் டங்க்லியுடையவையும் இருந்தன.

மோல்ஸ்வொர்த் இன்னொன்றும் செய்தார். ஓவிய வகுப்புக்கு வரும்படி டங்க்லியை அழைத்தார். டங்க்லி போகவில்லை. தாம் பொருள்களைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பார்ப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் கழித்த எனக்கு இந்த இடம் முதலில் உறுத்தியது. கற்க மறுப்பதில் பெருமை என்ன இருக்கிறது? நல்ல ஆசிரியர் கிடைத்திருந்தால் இன்னும் மேலே போயிருப்பாரே என்று தோன்றியது. அவருடைய ஓவியங்களின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு எண்ணம் மாறியது. அன்றைய வகுப்பு என்ன கற்றுக்கொடுத்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். ஒளி எங்கிருந்து விழுகிறது என்று முடிவு செய்து அதற்கேற்ப நிழல் போடுவது முதல் பாடம். தூரத்தில் உள்ளதைச் சிறிதாகவும் அருகில் உள்ளதைப் பெரிதாகவும் வரைவது இரண்டாவது பாடம். டங்க்லியின் ஓவியங்கள் இந்த இரண்டையும் மீறித்தான் நிற்கின்றன. ஒளி எந்தத் திசையிலிருந்தும் வரவில்லை. இலைகளும் தண்டுகளும் தாமே மெல்ல ஒளிர்கின்றன. பூ மரத்தளவு இருக்கிறது, பாலம் பொம்மையளவு இருக்கிறது. இந்த இரண்டையும் 'திருத்தி'விட்டால் மிஞ்சுவது இன்னொரு நிலக்காட்சி.

அன்று ஜமைக்காவில் வகுப்பு என்றால் அதற்கு ஓர் அரசியலும் உண்டு. எட்னா மான்லி இங்கிலாந்தில் பிறந்து, லண்டனில் சிற்பம் கற்று, 1922இல் ஜமைக்காவுக்கு வந்தவர். 1935இல் அவர் செதுக்கிய, தலையை உயர்த்தி வானம் பார்க்கும் கறுப்பின மனிதனின் சிற்பம் அந்த நாட்டின் விழிப்புக்கு அடையாளமாயிற்று. அவரைச் சுற்றி இளைஞர் குழு ஒன்று சேர்ந்தது. 1939இல் சுமார் 40 பேர் ஜமைக்கா இன்ஸ்டிடியூட்டின் ஆண்டுக் கூட்டத்துக்குள் நுழைந்து, ஆங்கிலேய ஆளுநர்களின் உருவப்படங்களை அகற்றி ஜமைக்கர்களின் கலைக்கு இடம் கொடுங்கள் என்று வாதாடினார்கள். அதன் விளைவாகவே 1940களில் எட்னா மான்லி அங்கே வகுப்புகள் நடத்தும் நிலை வந்தது. அந்தக் குழுவின் ஓவியங்களில் உழைக்கும் ஆண்கள், சந்தைப் பெண்கள், வலிமையான கைகால்கள் இருக்கும். நாளை பிறக்கப்போகும் ஒரு நாட்டுக்கு வேண்டிய படங்கள் அவை. அவற்றின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. டங்க்லி அந்த ஊர்வலத்தில் சேரவில்லை, எதிர்த்து நிற்கவும் இல்லை. அவர்களுடைய கண்காட்சிகளில் தம் ஓவியங்களை வைத்தார். கடைக்குத் திரும்பிப் போனார்.

வாழைத் தோட்டம்

டங்க்லியின் ஓவியம் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருந்தால் 'வாழைத் தோட்டம்' என்பதைப் பார்க்கலாம். ஏறத்தாழ 1945இல் வரைந்தது. கிங்ஸ்டனில் உள்ள ஜமைக்கா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வாழைகள் நெருங்கி நிற்கின்றன. இலைகள் சாம்பல் கலந்த பச்சை. பின்னால் வானம் இருள்கிறது. அடிப்பகுதியில் மண்ணுக்குள் ஒரு வளை. அந்த வளையிலிருந்து முயல் போன்ற சிறு விலங்கு ஒன்று வெளியே பார்க்கிறது. தோட்டக்காரர் இல்லை, கூலியாள் இல்லை, கங்காணி இல்லை. பார்க்கிற நமக்கும் நிற்க இடம் இல்லை. நாமும் கிட்டத்தட்ட மண் மட்டத்தில், அந்த விலங்கின் எதிரே, குனிந்து இருக்கிறோம்.

வாழை பற்றித் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மரம் ஒரு தார்தான் ஈனும். தாரை வெட்டியதும் மரத்தையும் வெட்டிச் சாய்ப்போம். பக்கக் கன்று வளரும். ஆகவே வாழைத் தோட்டம் என்பது எப்போதும் பாதி வெட்டுத் தோட்டமாகவே இருக்கும். வீட்டுக் கொல்லையில் நாலு வாழை வளர்த்தவருக்கு இது சாதாரணம். ஆயிரக்கணக்கான ஏக்கரில், கப்பல் புறப்படும் நாளுக்குள் தார் துறைமுகம் சேர வேண்டும் என்ற அவசரத்தில் இதே வேலையைச் செய்தவருக்கு அந்த வெட்டுத் தண்டுகள் வேறு மாதிரித் தெரிந்திருக்கும். டங்க்லியின் பல ஓவியங்களில் கிளை நறுக்கப்பட்ட அடிமரங்கள் திரும்பத் திரும்ப வருவதை எல்லா விமர்சகர்களும் குறித்திருக்கிறார்கள். 'தனிமையான சாலை' என்ற ஓவியத்திலும் அவை உண்டு. கத்தரி பிடித்த கை மரத்தையும் நறுக்காமல் விடவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எனக்கென்னவோ அவற்றைப் பார்க்கும்போது முடிதிருத்தும் கடையைவிட வாழைத் தோட்டமே நினைவுக்கு வருகிறது.

இன்னொரு செய்தியும் இதனோடு சேர்கிறது. 1930களில் ஜமைக்கா உலகின் முன்னணி வாழை ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. வேரைத் தாக்கும் பனாமா நோயும் இலைப்புள்ளி நோயும் தோட்டங்களை அழித்தன. 1939இல் போர் தொடங்கியதும் கப்பல்கள் கிடைக்கவில்லை. ஏற்றுமதி ஏறத்தாழ நின்றுபோயிற்று. டங்க்லி 'வாழைத் தோட்டம்' வரைந்தது இந்தக் காலத்தின் முடிவில். ஆள் இல்லாத தோட்டம், வளைக்குள் வாழும் விலங்கு, இருளும் வானம்: இதைக் கனவுக் காட்சி என்று மட்டும் வாசிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கைவிடப்பட்ட ஒரு தொழிலின் படம் என்றும் வாசிக்க இடம் இருக்கிறது.

வெயிலை விற்றவர்கள்

மேலே 1891ஆம் ஆண்டுப் பொருட்காட்சியைக் குறிப்பிட்டேன். வாழைத்தார் ஏற்றிச் சென்ற அதே கம்பெனிக் கப்பல்கள் திரும்பும் வழியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி வந்தன. அவர்கள் தங்க விடுதிகள் எழுந்தன. அவர்களைக் கவர அஞ்சலட்டைகளும் புகைப்படங்களும் அச்சாயின. அவற்றில் தீவு ஒரு தோட்டம். எல்லாம் பூத்துக் குலுங்கும். கறுப்பின மக்கள் கூடையோடு சிரித்து நிற்பார்கள். ஜமைக்காவின் இயற்கை என்பது விற்பனைக்கான ஒரு படமாக டங்க்லியின் வாழ்நாள் முழுவதும் தயாரிக்கப்பட்டு வந்தது.

அந்தப் படத்தில் உள்ள எல்லாமே டங்க்லியிடமும் உண்டு: பனை, வாழை, பெரிய பூ, ஓடை, சிறு பாலம். ஆனால் விளக்கை அணைத்துவிட்டார். அஞ்சலட்டையில் வளைந்து போகும் பாதை பயணியை அழைக்கும். டங்க்லியின் பாதை உள்ளே போகப் போக நெருங்கி எங்கோ மறைகிறது; அங்கே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. 'இயற்கைக்குத் திரும்புதல்' என்று அவர் 1939இல் வரைந்த ஓவியத்தின் தலைப்பை விளம்பரக்காரர் கேட்டால் மகிழ்வார். படத்தைப் பார்த்தால் கல்லறை நினைவுதான் வரும். தலைப்பில் ஒரு கசப்பான சிரிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

'ஜெர்போவா' என்ற ஓவியமும் இங்கே நினைக்கத் தக்கது. ஜெர்போவா என்பது நீண்ட பின்னங்கால்களால் தத்திச் செல்லும் பாலைவன எலி. வட ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் உள்ளது, ஜமைக்காவில் கிடையாது. தம் தீவின் செடிகொடிகளுக்கு நடுவே இல்லாத ஒரு விலங்கைக் கொண்டுவந்து வைக்கிறார். கண்டதைக் கண்டபடி வரைந்த எளிய நாட்டுப்புற ஓவியர் என்ற விளக்கம் இந்த ஒரு படத்திலேயே அடிபட்டுப்போகிறது.

நிறத்தைப் பற்றி ஓர் ஊகம். பனாமாவில் புகைப்படக் கலைஞருடன் பழகியதாகக் கூறப்படுவதை முன்பு சொன்னேன். அன்றைய புகைப்படம் கறுப்பு வெள்ளை. டங்க்லியின் சாம்பல் நிறப் படிகள், கறுப்பிலிருந்து வெண்மைக்கு மெல்ல ஏறும் இலைகள், அந்தப் பழக்கத்தில் வந்தவையாக இருக்கலாம். இதற்குச் சான்று என்னிடம் இல்லை. கண் சொல்வதைச் சொல்கிறேன்.

பெயர் சூட்டுதல்

முறைப்படி பயிலாத கரீபியன் ஓவியர்களை அழைக்க விமர்சகர்கள் பல சொற்களை முயன்று பார்த்தார்கள். 'பழங்குடித் தன்மை' கொண்டவர் என்றார்கள், 'கபடமற்றவர்' என்றார்கள். இரண்டிலும் ஒரு தட்டிக்கொடுத்தல் இருக்கிறது. ஜமைக்கா தேசியக் கலைக்கூடத்தின் டேவிட் பாக்சர் 1979இல் நடத்திய 'உள்ளுணர்வின் கண்' என்ற கண்காட்சி மூலம் 'உள்ளுணர்வு ஓவியர்' என்ற சொல்லைக் கொண்டுவந்தார். கேபோ என்று அழைக்கப்பட்ட மல்லிகா ரெனால்ட்ஸ் முதலியோர் இந்த வரிசையில் வைக்கப்பட்டார்கள். டங்க்லி அவர்களுக்கு முன்னோடி ஆனார். பழைய சொற்களைவிட இது மதிப்பான சொல்தான். டங்க்லியின் பெயர் நிலைத்ததில் பாக்சரின் உழைப்பு மிகப் பெரிது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆனாலும் உள்ளுணர்வு என்ற சொல் ஒரு கேள்வியை மூடிவிடுகிறது. எங்கே போனார், என்ன பார்த்தார், யாருக்கு வேலை செய்தார் என்று கேட்க வேண்டிய இடத்தில், மனத்தின் ஆழத்திலிருந்து வந்தது என்ற விடை வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாக்சர் டங்க்லியின் வெட்டுமரங்களிலும் குறுகும் பாதைகளிலும் பாலுணர்வு, மரணம் ஆகியவற்றின் குறியீடுகளைக் கண்டார். அப்படிப் பார்க்க இடம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தந்தையைத் தேடிப் போய்ப் பிணத்தைக்கூடக் காணாத மகன் மரணத்தை வரைவதில் வியப்பில்லை. ஆனால் தந்தை இறந்தது பனாமாவில். அவர் அங்கே போனது ஏன் என்பதும் அந்தக் கதையில் ஒரு பகுதி.

அண்டை நாடான ஹைட்டியின் எக்டர் இப்போலிட் (1894–1948) என்பவரோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அவரும் முறைப்படி பயிலாதவர். செருப்புத் தைத்தும் வீடுகளுக்கு வண்ணம் பூசியும் வாழ்ந்தவர். வோடு சமயப் பூசாரி. மதுக்கடை ஒன்றின் கதவில் அவர் வரைந்திருந்த பூக்களும் பறவைகளும் மற்றவர் கண்ணில் பட்டன. 1944இல் போர்ட்-ஓ-பிரின்ஸில் தொடங்கிய கலை மையம் அவரை ஏற்றுக்கொண்டது. 1945இல் ஹைட்டிக்கு வந்த பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் அவருடைய ஓவியங்களை வாங்கினார்; புகழ் பாரிஸ் வரை போயிற்று. கதவும் கடைச் சுவரும் ஒரே மாதிரித் தொடக்கங்கள். ஆனால் இப்போலிட்டுக்குத் தெய்வங்கள் இருந்தன, மிகை யதார்த்தவாதிகளுக்கு அவரிடம் தேடியது கிடைத்தது. டங்க்லியிடம் தெய்வம் இல்லை, சடங்கு இல்லை, விற்கத் தகுந்த கதையும் இல்லை. ஒரு முடிதிருத்துநரும் இருட்டும் மட்டும். வெளியுலகம் அவரிடம் வந்து சேர 70 ஆண்டுகள் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

குறைகள்

டங்க்லியின் எல்லாப் படைப்பும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. மனிதர்களை மையத்தில் வைக்கும்போது அவர் கை தடுமாறுகிறது. உருவங்கள் விறைத்து நிற்கின்றன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஜமைக்காவுக்கு வணக்கம் செலுத்துவதாக வரைந்த படம் ஒன்று உண்டு. 1940இல் பிரிட்டன் தன் தீவுகளில் இராணுவத் தளங்களை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. அந்த ஆண்டின் இறுதியில் ரூஸ்வெல்ட் போர்க்கப்பலில் ஜமைக்காவுக்கு வந்தார். வரலாற்று ஆவணமாக அந்தப் படத்துக்கு மதிப்பு உண்டு. ஓவியமாக அது நிலக்காட்சிகளுக்கு அருகில் வர முடியாது. வகுப்புக்குப் போயிருந்தால் இந்த விறைப்புக் குறைந்திருக்கும் என்று என்னுள் இருக்கும் ஆசிரியர் இப்போதும் சொல்கிறார். அதற்கு என்ன விலை கொடுக்க நேர்ந்திருக்கும் என்பதையும் அவரே மேலே சொல்லிவிட்டார். சிற்பங்கள் எண்ணிக்கையில் குறைவு. உருண்டு திரண்ட எளிய வடிவங்கள்.

1938ஐ அவர் ஏன் நேரடியாக வரையவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆண்டு மே மாதம் ஃப்ரோம் கரும்பாலைப் பணியாளர்கள் மீது காவலர் சுட்டதில் நால்வர் இறந்தனர். தீவு முழுவதும் வேலைநிறுத்தம் பரவியது. கிங்ஸ்டன் துறைமுகம் நின்றது. ஃப்ரோம் இருப்பது டங்க்லியின் சொந்த வெஸ்ட்மோர்லண்ட் மாவட்டத்தில். துறைமுகமோ அவர் கடைக்குப் பக்கத்தில். இரண்டு முனையிலும் அவருக்குத் தொடர்பு இருக்க, அவர் ஓவியங்களில் கூட்டமும் இல்லை, கொடியும் இல்லை. இதைக் குறையாகக் கொள்வதா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவருடைய முக்கியமான ஓவியங்கள் பல அந்த ஆண்டை ஒட்டியும் அதற்குப் பின்னும் வந்தவை. 'தனிமையான சாலை'யில் ஆள் இல்லாததை, எல்லோரும் எங்கே போனார்கள் என்ற கேள்வியாகவும் பார்க்கலாம். நானே அதிகம் படித்துவிடுகிறேனோ என்ற ஐயமும் இருக்கிறது.

மறைவும் பின்னரும்

டங்க்லி 1947இல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். அடுத்த ஆண்டு ஜமைக்கா இன்ஸ்டிடியூட் அவருக்கு நினைவுக் கண்காட்சி நடத்தியது. காஸி தந்த வாழ்க்கைக் குறிப்பு அந்தக் கண்காட்சிக்கான ஏட்டில் வெளிவந்தது. பல ஓவியங்கள் குடும்பத்தாரிடமே இருந்தன. 1974இல் தேசியக் கலைக்கூடம் அமைந்த பின் ஜமைக்கா ஓவியத்தின் தொடக்ககால ஆசான்களில் ஒருவராக அவர் அங்கே இடம்பெற்றார்.

நாட்டுக்கு வெளியே அவருக்கென்று தனியாக நடந்த முதல் பெரிய கண்காட்சி 2017இல் மயாமியின் பெரெஸ் கலை அருங்காட்சியகத்தில் தொடங்கியது. 'பகலும் அல்ல, இரவும் அல்ல' என்று அதற்குப் பெயர். அவருடைய பனாமா, கோஸ்டா ரிக்கா, கியூபா ஆண்டுகளையும் அன்றைய சுற்றுலாப் படங்களையும் ஓவியங்களோடு சேர்த்துப் பார்க்கும் முயற்சி அங்கே நடந்தது. 2018இன் இறுதியில் அதே கண்காட்சி நியூயார்க்கின் அமெரிக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. நியூயார்க்கில் டங்க்லியின் ஓவியங்கள் வைக்கப்படுவது அது முதல் முறை அல்ல. 1939இல் உலகக் கண்காட்சிக்காக அவை ஒரு முறை அந்நகருக்குப் போயிருந்தன. அப்போது அவர் கீழ் பிரின்சஸ் தெருவில் முடி வெட்டிக்கொண்டிருந்தார்.